லாம் நிற்க வேண்டிய இடம்: நடுக்களமா, வலது ஓரமா?

2014 கால்பந்து உலகக் கோப்பையில் ஜெர்மனியும் அல்ஜீரியாவும் போர்ட்டோ அலெக்ரியில் மோதிய ஆட்டம் 70ஆவது நிமிடத்தை எட்டியபோது, இங்கே விடியற்காலை மூன்று மணி ஆகப்போகிறது. இரு பக்கமும் கோல் விழவில்லை. ஜெர்மனியின் ரைட் பேக்காக, அதாவது பின்வரிசையின் வலது ஓரத் தடுப்பாட்டக்காரராக, ஆடிக்கொண்டிருந்த முஸ்தாஃபி தொடையில் அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக இறங்கியவர் நடுக்கள வீரர் சமி கெதிரா. கெதிராவுக்கு இடம் விட்டு, அணித்தலைவர் பிலிப் லாம் நடுக்களத்திலிருந்து வலது ஓரத்துக்கு நகர்ந்தார். தொடர் தொடங்குவதற்கு முன்பிருந்தே ஜெர்மன் ரசிகர்களையும் பத்திரிகைகளையும் இரண்டாகப் பிரித்திருந்த ஒரு வாதம், இப்படி ஒரு தசைக் காயத்தின் மூலம் திசை திரும்பியது.

வாதம் இதுதான். உலகின் தலைசிறந்த ரைட் பேக்குகளில் ஒருவராகப் பெயரெடுத்த லாமை நடுக்களத்தில் ஆடவைப்பதா, அவருடைய பழைய இடத்திலேயே விடுவதா? பயிற்சியாளர் யோவாக்கிம் லோவ் முதல் வழியைத் தேர்ந்தெடுத்து நான்கு ஆட்டங்களைத் தொடங்கினார். கடைசி மூன்று ஆட்டங்களை இரண்டாம் வழியில் ஆடினார். அணி கோப்பையை வென்றது. ஆகவே 'லாம் வலது ஓரத்துக்குத் திரும்பினார், ஜெர்மனி உலகச் சாம்பியன் ஆனது' என்று கதையைச் சுருக்கிச் சொல்வது எளிதாகிவிட்டது. அந்தச் சுருக்கத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் லோவின் முதல் திட்டத்துக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். 2013-14 பருவத்தில் பேயர்ன் மியூனிக்கின் பயிற்சியாளராக வந்த பெப் குவார்டியோலா, லாமை நடுக்களத்துக்கு மாற்றி ஒரு பருவம் முழுவதும் அங்கேயே அதிகமாக ஆடவைத்தார். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள இந்த மனிதர் உடல் பலத்தால் பந்தைப் பறிப்பவர் அல்லர். பந்து எங்கே வந்து சேரும் என்பதை முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பவர். அந்தத் திறமைக்கு ஓரத்தைவிட நடுக்களத்தில்தான் வேலை அதிகம். லாமுக்கு இடமாற்றம் புதிதும் அல்ல: 2006 உலகக் கோப்பையின் முதல் கோலை, கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக 6ஆவது நிமிடத்தில், அவர் அடித்தபோது ஆடிக்கொண்டிருந்தது இடது ஓரத்தில்.

இதைவிடக் கனமான காரணம் மருத்துவ அறையில் இருந்தது. கெதிரா 2013 நவம்பரில் இத்தாலிக்கு எதிரான நட்புறவு ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து, ஆறு மாத ஓய்வுக்குப் பின் அப்போதுதான் களத்துக்குத் திரும்பியிருந்தார். பாஸ்டியன் ஷ்வைன்ஸ்டைகருக்கும் முழங்காலில் தொல்லை. முதுகுவலியால் ஏறத்தாழ ஒரு பருவத்தையே இழந்திருந்த நடுக்கள வீரர் குண்டோகன் அணியிலேயே இல்லை. பிரேசிலின் வெப்பத்தில், மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களில், அரைகுறை உடல்நிலையில் இருக்கும் இருவரை நடுக்களத்தில் ஒன்றாக இறக்கி 90 நிமிடங்கள் ஓடவிட எந்தப் பயிற்சியாளருக்கும் தயக்கம் இருக்கும். டோனி குரூஸுக்குப் பின்னால் லாமை நிறுத்தினால், கெதிராவையும் ஷ்வைன்ஸ்டைகரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஜூன் மாதத்து லோவின் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் திட்டத்தின் விலை பின்வரிசையில் தெரிந்தது. லாம் விட்டுப்போன இடத்தில் ஜெரோம் போவாடெங். இடது ஓரத்தில் பெனடிக்ட் ஹோவடெஸ். நடுவில் மெர்ட்டசாக்கரும் ஹும்மல்ஸும். நால்வருமே சென்டர் பேக்குகள், அதாவது பின்வரிசையின் நடுவில் ஆடுபவர்கள். ஹோவடெஸ் வலது காலால் ஆடுபவர் என்பதால், இடது ஓரத்தில் பந்து வாங்கினால் அதை உட்புறமாகத் திருப்புவதே அவருக்கு இயல்பு. இரு ஓரங்களிலும் மேலேறி கிராஸ் கொடுக்க, அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் பந்தை அனுப்ப, ஆள் இல்லை. மார்கோ ராய்ஸ் ஆர்மீனியாவுக்கு எதிரான கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டு விலகியபோது, அந்தத் தாக்குதல் வீரருக்கு மாற்றாக லோவ் அழைத்ததும் இன்னொரு சென்டர் பேக்கை, அதாவது முஸ்தாஃபியைத்தான். டார்ட்மண்ட் கிளப்பில் ஓரத்தில் ஆடிப் பழகிய குரோஸ்க்ராய்ட்ஸும் டூர்மும் அணியில் இருந்தும் தொடர் முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. இந்தத் தேர்வில் எனக்கு இன்றுவரை விளங்காத பகுதி அதுதான்.

சால்வடாரில் நடந்த முதல் ஆட்டத்தில் போர்ச்சுகலை 4-0 என்று வென்றபோது இந்தக் குறைகள் எதுவும் வெளியே தெரியவில்லை. ரொனால்டோவின் பக்கத்தில் போவாடெங்கின் உயரமும் வேகமும் கைகொடுத்தன என்று வாதிட இடமுண்டு. ஆனால் 37ஆவது நிமிடத்தில் பெப்பே சிவப்பு அட்டை வாங்கியதும் அந்த ஆட்டம் அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிட்டது.

உண்மையான சோதனை ஃபோர்ட்டலெஸாவில் கானாவுடன் வந்தது. இடைவேளையில் போவாடெங் வெளியேற, முஸ்தாஃபி ரைட் பேக் ஆனார். 54ஆவது நிமிடத்தில் கானாவின் வலது புறத்திலிருந்து வந்த கிராஸை, முஸ்தாஃபிக்கு மேலாக எழும்பி ஆந்த்ரே அயூ தலையால் முட்டி கோலாக்கினார். 63ஆவது நிமிடத்தில் விழுந்த கோலுக்கு லாமே காரணம்: நடுக்களத்தில் அவர் கொடுத்த பாஸை முன்தாரி இடைமறித்து, அசமோவா ஜியானுக்குத் தள்ளிவிட்டார். ஒரே ஆட்டத்தில், லாம் இல்லாத இடத்தில் ஒரு கோல், லாம் இருந்த இடத்தில் ஒரு கோல். ரைட் பேக் செய்யும் தவறுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சென்டர் பேக் காவலுக்கு இருப்பார்; பின்வரிசைக்கு நேர் முன்னால் தனியாக நிற்பவர் பந்தைத் தவறவிட்டால், எதிரணிக்கும் கோலுக்கும் இடையே நேர்வழி திறந்துவிடும். மாற்று வீரராக வந்த மிரோஸ்லாவ் குளோசே 71ஆவது நிமிடத்தில் சமன் செய்து 2-2 ஆக்கியதால் ஜெர்மனி தப்பியது.

அல்ஜீரியா ஆட்டத்துக்கு ஹும்மல்ஸ் காய்ச்சலில் படுத்துவிட்டதால், போவாடெங் நடுவுக்குப் போக, முஸ்தாஃபி முதல் நிமிடத்திலிருந்தே ரைட் பேக். அல்ஜீரிய அணி பந்தைப் பறித்தவுடன் ஜெர்மன் பின்வரிசைக்குப் பின்னால் இருந்த பரந்த வெளியை நோக்கி நீண்ட பாஸ்களை அடித்தது. ஸ்லிமானி அதைத் துரத்திக்கொண்டே இருந்தார். கோல்கீப்பர் நோயர், கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டியைவிட்டு வெளியே ஓடிவந்து காலாலும் தலையாலும் பந்தை அகற்றிய அந்தக் காட்சிகளை எல்லோரும் நோயரின் மேதைமைக்குச் சான்றாகப் பார்க்கிறோம். அதே காட்சிகள் ஜெர்மன் தற்காப்பின் பற்றாக்குறைக்கும் சான்று. கோல்கீப்பர் ஐந்தாவது தடுப்பாட்டக்காரராக வேலை செய்ய வேண்டியிருந்தது; அவருக்கு முன்னால் நின்ற நான்கு சென்டர் பேக்குகளில் எவராலும் ஸ்லிமானியோடு ஓடி ஈடுகொடுக்க முடியவில்லை.

கூடுதல் நேரத்தில் ஷூர்லேயும் ஓசிலும் கோல் அடித்து 2-1 என்று முடிந்த பிறகு, நான்கு நாட்களில் ரியோவில் பிரான்ஸுக்கு எதிராக லோவ் மொத்த அடுக்கையும் மாற்றினார். லாம் ரைட் பேக். மெர்ட்டசாக்கர் வெளியே, போவாடெங்கும் ஹும்மல்ஸும் நடுவில். கெதிராவும் ஷ்வைன்ஸ்டைகரும் ஒன்றாக நடுக்களத்தில், அவர்களுக்கு முன்னால் குரூஸ். முன்வரிசையில் குளோசே முதன்முறையாகத் தொடக்க பதினொருவரில் இடம்பிடிக்க, முல்லர் வலதுபுறம் போனார்.

லாமைப் பற்றிய விவாதத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசி மாற்றம். லாமின் இடமும் குளோசேயின் இடமும் தனித்தனி முடிவுகள் அல்ல என்பதே என் வாதம். முதல் திட்டத்தில் முல்லர் நடுவில் பொய்யான 9ஆம் எண் வீரராக, அதாவது பெட்டிக்குள் நிலையாக நிற்காத முன்கள வீரராக, சுற்றினார், வலதுபுறம் ஓசில். ஓசிலின் கால்கள் எப்போதும் நடுவை நோக்கியே போகும்; அவருக்குப் பின்னால் இருந்த போவாடெங் மேலேறி வருபவர் அல்லர். ஆக, வலது ஓரம் முழுவதும் ஆளற்றுக் கிடந்தது. இரண்டாம் திட்டத்தில் வலதுபுறம் வந்த முல்லரும் ஓரத்தில் நிற்பவர் அல்லர், எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே நுழைபவர். ஆனால் அவர் உள்ளே நுழைந்து காலியாகும் ஓரத்தில் ஓடிவர இப்போது லாம் இருந்தார். பெட்டிக்குள் சென்டர் பேக்குகளைப் பிடித்து வைத்திருக்க குளோசே இருந்தார். பழைய ஏற்பாட்டில் லாமை மட்டும் பின்னால் கொண்டுபோயிருந்தால், அவர் கொடுக்கும் கிராஸுக்குப் பெட்டிக்குள் ஆள் இருந்திருக்காது. குளோசேயை மட்டும் கொண்டுவந்திருந்தால், அவருக்குக் கிராஸ் கொடுக்க ஆள் இருந்திருக்காது.

ஜூலை 8ஆம் தேதி பெலோ ஹொரிசாண்டேயில் பிரேசிலை 7-1 என்று சிதறடித்த அரையிறுதியில் மூன்றாவது கோலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். லாம் வலது ஓரத்திலிருந்து தாழ்வாக ஒரு கிராஸை அனுப்புகிறார். பெட்டிக்குள் முல்லர் அதைத் தவறவிடுகிறார். பந்து அவரைக் கடந்து பெட்டியின் விளிம்பில் நிற்கும் குரூஸிடம் போகிறது. அவர் இடது காலால் அடிக்கிறார். 69ஆவது நிமிடத்தில் ஷூர்லே அடித்த ஆறாவது கோலுக்கும் பந்து வந்தது லாமிடமிருந்தே. முதல் திட்டத்தின்படி இந்த இரண்டு கிராஸ்களும் போவாடெங்கின் காலிலிருந்து வந்திருக்க வேண்டும்.

இதை வைத்து இரண்டாம் திட்டத்துக்கு அளவு மீறிப் புகழ் கொடுப்பதும் சரியாகாது. அன்று பிரேசில் அணியில் நெய்மாரும் இல்லை, தியாகோ சில்வாவும் இல்லை. பிரான்ஸுடனான காலிறுதி, 13ஆவது நிமிடத்தில் குரூஸின் ஃப்ரீ கிக்கை ஹும்மல்ஸ் தலையால் முட்டிப் போட்ட ஒற்றை கோலில் முடிந்தது. அதற்கும் லாமின் இடத்துக்கும் தொடர்பில்லை. அர்ஜென்டினாவுடனான இறுதியில் கெதிரா ஆட்டத்துக்கு முன் பயிற்சியிலேயே காயமடைய, அவருக்குப் பதிலாக இறங்கிய கிராமர் தலையில் அடிபட்டு 31ஆவது நிமிடத்தில் வெளியேறினார். முதல் திட்டத்தை ஆதரித்தவர்கள் அஞ்சியது இதற்குத்தான்: நடுக்களம் ஒரே ஷ்வைன்ஸ்டைகரின் முழங்காலை நம்பி நின்றது. அன்றைக்கும் லோவ் லாமை நடுவுக்கு இழுக்கவில்லை; ஷூர்லேயை இறக்கி, குரூஸைப் பின்னால் நகர்த்தினார். 113ஆவது நிமிடத்தில் ஷூர்லே இடதுபுறத்திலிருந்து அனுப்பிய பந்தை மார்பில் வாங்கி கெட்ஸே கோலாக்கினார்.

என் தீர்ப்பு இரண்டாம் திட்டத்தின் பக்கமே. ஆனால் காரணம், லாம் நடுக்களத்தைவிட ஓரத்தில் சிறப்பாக ஆடுவார் என்பது அல்ல. இரண்டிலும் அவர் ஏறக்குறைய ஒரே தரம். அவர் விட்டுப்போகும் இடத்தில் யார் நிற்பார் என்பதே வேறுபாடு. ஓரத்தை விட்டால் அங்கே போவாடெங் அல்லது முஸ்தாஃபி; நடுக்களத்தை விட்டால் அங்கே, ஜூலையில் உடல் தேறியிருந்த, கெதிராவும் ஷ்வைன்ஸ்டைகரும். தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத போர்வையை எந்தப் பக்கம் இழுப்பது என்பது, அன்றிரவு எந்தப் பக்கம் குளிர் அதிகம் என்பதைப் பொறுத்தது. ஜூனில் குளிர் நடுக்களத்தில் இருந்தது. கானா ஆட்டத்துக்குப் பிறகு அது வலது ஓரத்துக்கு மாறிவிட்டதை லோவ் ஒரு வாரம் தாமதமாக உணர்ந்தார்.

லாம் கோப்பையோடு தேசிய அணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் இந்தக் கேள்வி ஓயவில்லை. அடுத்த தலைமுறை வீரர் யோஷுவா கிம்மிக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. 2018 உலகக் கோப்பையில் அவர் ரைட் பேக். மெக்சிகோவுக்கு எதிராக அவர் மேலேறிப் போய்விட்ட பக்கத்தில்தான் 35ஆவது நிமிடத்தில் லொசானோ புகுந்து கோல் அடித்தார்; கடைசியில் அவரைத் தடுக்க ஓடிவந்து நின்றவர் ஓசில். நல்ல வீரரை ஓரத்தில் நிறுத்தியும் அவர் விட்டுவரும் இடத்தை நடுக்களம் மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. 2022 உலகக் கோப்பையில் பயிற்சியாளர் ஹன்சி ஃபிளிக் கிம்மிக்கை நடுக்களத்தில் வைத்து, ஜப்பானுக்கு எதிராக சென்டர் பேக் சூலேயை ரைட் பேக் ஆக்கினார். 83ஆவது நிமிடத்தில் அசானோவுக்கு நீண்ட ஃப்ரீ கிக் பறந்து வந்தபோது, தன் சக வீரர்களைவிடப் பின்தங்கி நின்று அவரை ஆஃப்சைடு ஆகாமல் காப்பாற்றியவர் அதே சூலே. எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்பாடு, ஏறக்குறைய அதே விலை. கோஸ்டா ரிக்காவுடனான மூன்றாவது ஆட்டத்தில் ஃபிளிக் கிம்மிக்கை ரைட் பேக் ஆக்கினார். 4-2 என்று வென்றும் அணி வெளியேறியது.

2024 யூரோவில், அதாவது ஐரோப்பியக் கோப்பையில், பயிற்சியாளர் யூலியான் நாகல்ஸ்மான் இந்தக் குழப்பத்துக்கே இடம் தரவில்லை. தேசிய அணியிலிருந்து விலகியிருந்த குரூஸைத் திரும்ப அழைத்து நடுக்களத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, கிம்மிக்கை வலது ஓரத்தில் நிலையாக நிறுத்தினார். ஸ்டுட்கார்ட்டில் ஸ்பெயினுடனான காலிறுதியின் 89ஆவது நிமிடத்தில் மிட்டல்ஸ்டாட் இடதுபுறத்திலிருந்து கிராஸ் அனுப்பியபோது, எதிர் முனையில் எழும்பி அதைத் தலையால் கீழே இறக்கிவைத்தது ரைட் பேக் கிம்மிக், அடித்தவர் விர்ட்ஸ். 119ஆவது நிமிடத்தில் மெரினோவின் கோல் ஜெர்மனியை வெளியேற்றியது. அது குரூஸின் கடைசி ஆட்டம். நடுக்களத்தில் மீண்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. கிம்மிக்கை எங்கே நிறுத்துவது என்று ஜெர்மனியில் மறுபடியும் பேசத் தொடங்கினார்கள்.