ஈரடுக்குப் பாலம்தான் எங்கள் மலை: நெல்லையில் எந்த ட்ரெயினர், எந்தச் செயலி?

நெல்லையில் சைக்கிள் மிதிப்பவனுக்கு ஏற்றம் என்றால் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம்தான். மூச்சு வாங்க ஆரம்பிக்கும் முன்பே இறக்கம் வந்துவிடும். நிஜமான ஏற்றத்துக்குப் பாபநாசம், மணிமுத்தாறு என்று மேற்கே போக வேண்டும். போனாலும் வனத்துறைச் செக்போஸ்ட்டைத் தாண்டி நம் இஷ்டத்துக்கு ஏற முடியாது. சித்திரை வெயில் ஒரு பக்கம், ஐப்பசி மழை ஒரு பக்கம். அதனால் என் சைக்கிள் பாதி நாள் மாடி அறையில்தான் ஓடுகிறது. ஆச்சி முதல் நாளே கேட்டுவிட்டாள்: "எங்கயும் போகாத சைக்கிளை எதுக்குல இந்த மிதி மிதிக்க?"

சைக்கிளை அறையில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவிதான் ட்ரெயினர். அதில் முதலில் நான் வாங்கியது பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி வைக்கும் ரகம். விலை குறைவு, சைக்கிளைக் கழற்ற வேண்டாம், ஞாயிறு காலை அப்படியே எடுத்துக்கொண்டு பாளை ரோட்டில் இறங்கிவிடலாம். ஆனால் டயர் தேயும். ஒரு மாதத்தில் சிவப்புக் காவித் தரையில் கறுப்பாக ரப்பர் தூள்; விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டும். தினமும் ஒரே அளவு காற்று அடித்து, ஒரே அளவு அழுத்தம் வைக்காவிட்டால் (மிதிக்கும் சக்தியை வாட்டில்தான் அளப்போம்) நேற்றைய 180 வாட்டும் இன்றைய 180 வாட்டும் ஒன்றாக இருக்காது. சத்தம் வேறு. விடிகாலை ஐந்து மணிக்கு மாடியில் மாவு மில் ஓடுகிறதோ என்று கீழ்வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள்.

டைரக்ட் டிரைவ் என்றால் பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராக ட்ரெயினரில் மாட்டுவது. டயர் வழுக்கும் பிரச்சினை இல்லை, சத்தம் கொஞ்சம்தான். ஆனால் ஒரே சைக்கிள் வைத்திருப்பவன் வாரா வாரம் கழற்றி மாட்டிக் கைகளைக் கிரீஸாக்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். வாஹூ நிறுவனத்தின் கிக்கர் ஸ்னாப் சக்கர ரகம். 12 சதவீத ஏற்றம் வரை காட்டும் (அதாவது அந்த ஏற்றத்துக்குத் தக்கபடி பெடலை இறுக்கும்), வாட் கணக்கில் பிழை 3 சதவீதம் வரை. அதே நிறுவனத்தின் கிக்கர் கோர் டைரக்ட் டிரைவ். 16 சதவீதம், பிழை 2. பெரிய கிக்கரில் 20 சதவீதம், பிழை 1. கடையில் இந்த 20 என்ற எண்ணைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அது தேவையில்லாத எண். ட்ரெயினரோடு இணைத்தால் திரையில் சாலையைக் காட்டி அதன் ஏற்றத்துக்குத் தக்கபடி பெடலை இறுக்கும் ஸ்விஃப்ட் செயலியில் (கார் இல்லை) 'ட்ரெயினர் டிஃபிகல்ட்டி' என்று ஒரு அமைப்பு உண்டு; வாங்கியதும் அது பாதியில்தான் இருக்கும். திரையில் 10 சதவீத ஏற்றம் வந்தால் காலுக்குத் தெரிவது 5 சதவீதம். அதை மாற்றாதவருக்கு 20 சதவீத ட்ரெயினர் தண்டச் செலவு.

சரி, நாங்கள் தேடிய மலை கிடைத்ததா? கிடைத்தது. பிரான்ஸின் ஆல்ப் டியூஸ் மலைப்பாதையை அச்சாக எடுத்து ஸ்விஃப்டில் வைத்திருக்கிறார்கள்: 12 கிலோமீட்டர் சொச்சம், 21 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். நம் பாலத்தை நூறு தடவை ஏறி இறங்கினாலும் இந்த அனுபவம் வராது. ஆனால் பதினாலாவது வளைவில் கரன்ட் போனது. ட்ரெயினரில் எதிர்ப்பு போய்ப் பெடல் வெறுமனே சுற்றியது. வைஃபை பெட்டியும் அணைந்துவிட்டது. அதன் பிறகு ட்ரெயினர், வைஃபை, ஃபேன் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். ஃபேனை விட்டுவிடாதீர்கள். வெளியே ஓட்டும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தும். அறையில் அது இல்லாததால் அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். நல்ல பெடஸ்டல் ஃபேன் வாங்கிய பிறகுதான் என் ஒரு மணி நேரம் உண்மையிலேயே ஒரு மணி நேரம் ஆனது. ஹேண்டில் மேல் ஒரு துண்டும் போட்டுவிடுங்கள்; வியர்வை உப்பு போல்ட்டைத் தின்றுவிடும்.

செயலிக்கு வருவோம். ஸ்விஃப்ட்டுக்கு மாதம் சுமார் 20 டாலர். நம் காசுக்கு 1,700 ரூபாய்க்குக் குறையாது. எந்த நேரத்தில் திறந்தாலும் கூட மிதிக்க ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கும். அதற்குத்தான் அந்தக் காசு. அபுதாபியைச் சேர்ந்த மைவூஷ் என்ற செயலி இலவசம். இலவசம் என்றதும் நானும் இளக்காரமாகத்தான் பார்த்தேன். ஆனால் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2020இல் முதல் மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) உலகச் சாம்பியன்ஷிப்பை ஸ்விஃப்டில் நடத்தியது; 2024இல் அதே போட்டி மைவூஷுக்குப் போய்விட்டது. எனக்கு மைவூஷே போதும். பயிற்சித் திட்டங்களும் உள்ளேயே இருக்கின்றன. ரூவி வேறு வகை: நிஜச் சாலையின் வீடியோ ஓடும், ஏற்றத்துக்குத் தக்கபடி பெடல் இறுகும். பார்க்க அழகு. இரண்டாம் மாதம் எனக்குச் சலித்துவிட்டது.

ஸ்விஃப்டில் முன்னே போகிறவன் பின்னால் ஒட்டினால் கால் லேசாகும். ஆனால் பக்கவாட்டுக் காற்று கிடையாது. ஆடி மாதம் பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து ஓட்டிப் பழக, பணகுடிக்கே போக வேண்டியதுதான்.

ஓட்டத்துக்கு (ரன்னிங்) இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். ஸ்விஃப்டில் ஓட்டம் இலவசம். ஷூவில் ஒரு சென்சார் போதும். செலவெல்லாம் ட்ரெட்மில்லில். அதன் மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டர் இழுக்காது, கரன்ட் போனால் பட்டை சட்டென்று நிற்கும், நாம் நிற்க மாட்டோம். திரையில் மலை வந்தாலும் பெரும்பாலான ட்ரெட்மில்லில் சாய்வை நாமே பட்டன் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். சைக்கிளுக்கு இல்லாத சௌகரியம் ஓட்டத்துக்கு ஊரிலேயே இருக்கிறது: விடிவதற்கு முன் பாளை அண்ணா விளையாட்டரங்கத்துக்கோ வ.உ.சி. மைதானத்துக்கோ போய்விடலாம். ட்ரெட்மில் காசில் டைரக்ட் டிரைவும் ஃபேனும் வாங்கி, மீதிக்கு ஒரு நல்ல ஷூ.