மாஹோவா, மாய் காவா, ஸ்கியாதோஸா? விமானம் பார்க்க எந்தத் தீவுக்குப் போகலாம்

கடற்கரையில் ஆட்கள் கையைத் தூக்கி நிற்க, அவர்கள் தலையைத் தொட்டுவிடுவது போல ஒரு பெரிய விமானம் கடந்துபோகும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அது கரீபியனில் இருக்கும் சின்ட் மார்ட்டன் தீவின் மாஹோ கடற்கரை. விமானம் பார்க்கும் ஆசை வந்தவர்கள் முதலில் நினைப்பது அந்த இடத்தைத்தான். ஆனால் அதற்கு ஈடாக நிற்கக்கூடிய தீவுகள் இன்னும் இரண்டு உண்டு: தாய்லாந்தின் புக்கெட்டில் மாய் காவ் கடற்கரை, கிரேக்கத்தின் ஸ்கியாதோஸ்.

மூன்றில் எது சிறந்தது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் எங்கே விமானம் அதிகத் தாழ்வாக வருகிறது என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: நாம் போகும் மாதத்தில் அங்கே காற்று எந்தத் திசையில் வீசும்?

விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும், எதிர்க்காற்றில்தான் ஏறும். காற்று திரும்பினால் ஓடுபாதையின் உபயோகமும் திரும்பிவிடும். நாம் நிற்கும் முனையில் இறங்க வேண்டிய விமானங்கள் மறுமுனையில் இறங்கும். புக்கெட்டுக்கு நான் முதல்முறை போனது ஆகஸ்டில். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. விமானங்கள் எல்லாம் தீவின் உட்பக்கத்திலிருந்து வந்து இறங்கின. கடற்கரையில் நின்ற எனக்குக் கிடைத்தது ஏற்கெனவே உயரம் பிடித்துவிட்ட விமானங்களின் வயிறு மட்டும்தான். அன்றிலிருந்து காற்றைப் பார்க்காமல் நான் டிக்கெட் போடுவதில்லை.

மாஹோ: காற்று ஏமாற்றாத இடம்

மாஹோவின் புகழுக்கு அங்கே விமானம் தாழ்வாக வருவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அங்கே காற்று அநேகமாக ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்தே வீசுவது. வணிகக் காற்று என்று பூகோளப் பாடத்தில் படித்தோமே, அதுதான். பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையத்தின் ஓடுபாதை எண் 10. அதாவது ஏறத்தாழ 100 பாகை திசையில், கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். அந்த ஓடுபாதை தொடங்கும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வேலி, ஒரு சாலை, ஒரு துண்டு மணல். அவ்வளவுதான் இடம்.

தாழ்வாக வருவதில் விமானியின் சாகசம் எதுவும் கிடையாது. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம், ஒவ்வொரு 100 மீட்டர் முன்னேறும்போதும் ஏறத்தாழ 5 மீட்டர் உயரம் இழக்கும். சக்கரம் தொட வேண்டிய புள்ளி ஓடுபாதைக்குள் 300 மீட்டர் தள்ளி இருந்தால், ஓடுபாதை விளிம்பில் விமானம் 15 மீட்டர் உயரத்தில்தான் இருக்க வேண்டும். உலகெங்கும் இதே கணக்குதான். மற்ற ஊர்களில் அந்த இடத்தில் நம்மை நிற்க விடமாட்டார்கள், மாஹோவில் விடுகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மாஹோவை உலகறியச் செய்த படங்களில் இருப்பது நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்தின் நாலு என்ஜின் போயிங் 747. அது 2016 அக்டோபர் 28ஆம் தேதியோடு அங்கே வருவதை நிறுத்திக்கொண்டது. இப்போது ஐரோப்பாவிலிருந்து வருபவை இரண்டு என்ஜின் கொண்ட வைட்பாடி, அதாவது அகல உடல் கொண்ட பெரிய விமானங்கள். பழைய படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த நாலு என்ஜின் இல்லாத குறை தெரியும். நாள் முழுக்க வருபவை அதிகமும் 737, ஏ320 போன்ற நடுத்தர ஜெட் வகையறாவும், பக்கத்துத் தீவுகளுக்குப் போய்வரும் குட்டி விமானங்களும்தான். கடற்கரையின் தென்முனையில் இருக்கும் சன்செட் பாரில் அன்றைய வருகை நேரங்களை ஒரு சர்ஃப் பலகையில் எழுதி வைப்பார்கள். பெரிய விமானங்கள் பெரும்பாலும் பிற்பகலில் வரும் என்பதால் அந்தத் தென்பக்கமே நல்லது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

கூட்டம் அதிகம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை உச்சம். பெரிய விமானம் வரும் நேரத்தில் மணலில் கால் வைக்க இடமிருக்காது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 செப்டம்பரில் இர்மா புயல் அந்த விமான நிலையக் கட்டடத்தையே சிதைத்துப் போட்டது.

அப்புறம் அந்த வேலி. விமானம் கிளம்பும்போது வேலியைப் பிடித்துத் தொங்குவதை ஒரு விளையாட்டாகவே அங்கே ஆக்கிவிட்டார்கள். தலைக்கு மேல் இறங்கும் விமானத்தைவிட, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பும் விமானம்தான் பல மடங்கு ஆபத்து. ஓடுபாதை 2,300 மீட்டர்தான், எதிரே மலை. அதனால் கனமான விமானங்கள் வேலி ஓரம் வரை வந்து திரும்பி, முழு விசை கொடுத்துத்தான் ஓடத் தொடங்கும். அந்தக் காற்று கல்லையும் மணலையும் ஆளையும் சேர்த்துத் தூக்கும். 2017 ஜூலையில் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு பெண் அப்படித் தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். உயிருக்கு ஆபத்து என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வேலிப் பக்கம் போகாதீர்கள். பக்கவாட்டில் நின்றால் படமும் நன்றாக வரும்.

மாஹோவுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போகலாமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செயின்ட் பார்த்தெலமி தீவு இருக்கிறது. படகிலும் போகலாம், குட்டி விமானத்தில் கால் மணி நேரத்திலும் போகலாம். அங்கே ஓடுபாதை 650 மீட்டர்தான். ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் கடற்கரை. குன்றின் மேல் சாலை ஓடுகிறது. அந்தச் சாலையை உரசுவது போலத் தாண்டி, சரிவை ஒட்டியே மூக்கைக் கவிழ்த்து இறங்கும் ட்வின் ஆட்டர் என்ற சின்ன விசிறி விமானத்தைப் பார்த்தால், மாஹோவில் பார்த்தது சாதாரணமாகத் தோன்றும். இந்த நிலையத்தில் இறங்க விமானிகளுக்குத் தனிப் பயிற்சி, தனி அனுமதி வேண்டும். இன்னொரு பக்கம் சாபா தீவு. அதன் ஓடுபாதை ஏறக்குறைய 400 மீட்டர், இரண்டு முனையிலும் பாறைச் சரிவு. ஒரே பயணத்தில் இந்த மூன்றும் கிடைக்கும் என்பதுதான் சின்ட் மார்ட்டனின் உண்மையான பலம். செலவழித்துப் போகிறவர்கள் இரண்டு நாளாவது இவற்றுக்கு ஒதுக்க வேண்டும்.

மாய் காவ்: பொறுமையாகப் பார்க்க

புக்கெட் ஓடுபாதையின் மேற்கு முனை, சிரினாத் தேசியப் பூங்காவுக்குள் வரும் கடற்கரையில் முடிகிறது. 3,000 மீட்டர் நீளம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பக்கத்துக் காற்று வீசும் காலத்தில், விமானங்கள் கடல் மேல் வந்து மணலைக் கடந்து இறங்கும். மாஹோ அளவுக்குத் தலையை உரசாது. உரசவும் வேண்டாம் என்பேன்.

ஏனென்றால் இறங்கும் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும், விநாடிக்கு 70 மீட்டர். தலைக்கு மேல் விமானம் இருப்பது ஒரு விநாடிதான். ஆனால் பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரிவதிலிருந்து நம்மைத் தாண்டுவது வரை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். புள்ளி இறக்கை ஆகும், சக்கரங்கள் தெரியும், பக்கக்காற்றுக்கு மூக்கைச் சாய்த்து வருவது தெரியும். எதிரே திறந்த கடல் என்பதால் மாய் காவில் இதை முழுசாகப் பார்க்கலாம். அடுத்தது வர அதிக நேரம் காத்திருக்கவும் வேண்டாம். 2019இல் இந்த நிலையம் கண்ட பயணிகள் ஏறத்தாழ 1.8 கோடி. அந்த எண்ணிக்கைக்குத் தகுந்தபடி விமானங்களும் பல நாட்டு நிறங்களில், பல அளவுகளில் வரும்.

வெளிச்சம் காலையில்தான் சரி. மேற்கு நோக்கி நிற்கிறோம், சூரியன் பின்னால் இருந்து விமானத்தின் முகத்தில் அடிக்கும். மதியத்துக்கு மேல் அது எதிரே போய்விடும். நிழலுருவப் படங்கள் எடுக்க விரும்பினால் மட்டும் மாலையில் போகலாம்.

விதிமுறையில் இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். ஓடுபாதைக்கு நேர் எதிரே நிற்பதைத் தடுக்கப் போவதாக 2019இல் அதிகாரிகள் அறிவித்தார்கள். விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் மரண தண்டனை வரை இடமிருக்கிறது என்று அப்போது சொல்லப்பட்டது உலகம் முழுக்கச் செய்தியானது. நேர்கோட்டில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள், காவலர் நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். டிரோன் எந்த விமான நிலையத்தின் அருகிலும் வேண்டாம். இன்னொன்று: இதே மாதங்களில்தான் இந்தக் கரையில் கடலாமைகள் முட்டையிட வரும். இருட்டிய பிறகு டார்ச் அடித்துக்கொண்டு மணலில் நடப்பது அவற்றுக்குச் செய்யும் துரோகம்.

ஸ்கியாதோஸ்: ஒரே இடத்தில் முழுக் காட்சி

இதைத்தான் நான் மூன்றிலும் மேலே வைப்பேன்.

ஏஜியன் கடலின் சின்னத் தீவு. தீவுக்கும் பக்கத்துக் குட்டித்தீவுக்கும் நடுவில் இருந்த கடலை நிரப்பி ஓடுபாதை போட்டு 1972இல் திறந்தார்கள். நீளம் 1,628 மீட்டர். அதில் தினமும் 737களும் ஏ320களும் இறங்குகின்றன. மூவாயிரம் மீட்டர் ஓடுபாதையில் விமானி மெதுவாக மிதந்து சக்கரத்தைத் தொடவைக்க நேரம் உண்டு. இங்கே அந்தச் சலுகை இல்லை. குறித்த இடத்தில் அழுத்தி இறக்கி, உடனே எதிர்விசை கொடுத்து, பிரேக் போட்டாக வேண்டும். சக்கரம் தரையில் அறையும் ஓசையும் என்ஜின் திரும்பி உறுமும் ஓசையும் நின்ற இடத்திலேயே கேட்கும்.

தெற்கு முனையில் துறைமுகம், நடுவில் ஒரு சாதாரண ஊர்ச் சாலை, அப்புறம் வேலி. படகுகளின் பாய்மரங்களுக்கு மேலாக விமானம் வரும். கோடையில் வடக்குப் பக்கக் காற்று அதிகம் என்பதால் ஜூலை, ஆகஸ்டில் இந்த முனையில் இறங்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கும். காற்று தெற்கிலிருந்து திரும்பும் நாளும் உண்டு. அன்றைக்கு எல்லாம் வடக்கே கடல் மேலிருந்து வரும். நாலைந்து நாள் தங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இங்கே ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானம் ஊர்ந்து போக இணைப்பு ஓடுதடம் கிடையாது. இறங்கிய விமானம் மறுமுனையில் திரும்பி, அதே ஓடுபாதையில் நம்மை நோக்கியே வரும். கொஞ்ச நேரம் கழித்துப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தெற்கு முனைக்கே வந்து, கடைசி மீட்டர் வரை பயன்படுத்தித் திரும்பி நின்று, பிரேக்கைப் பிடித்தபடி விசை ஏற்றிக் கிளம்பும். ஒரே விமானத்தின் வருகை, திரும்பல், புறப்பாடு எல்லாம் ஒரே இடத்திலிருந்து. நிறைய எரிபொருளோடு இவ்வளவு சின்ன ஓடுபாதையிலிருந்து எழ முடியாமல், குறைவாக நிரப்பிக் கிளம்பி, வழியில் இன்னொரு ஊரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போன விமானங்களும் உண்டு. ஓடுபாதையின் நீளம் ஒரு பயணத்தையே மாற்றுகிறது என்பதை நான் புரிந்துகொண்டது இங்கேதான்.

ஆபத்தும் மாஹோவில் சொன்ன அதே ஆபத்துதான். சாலையில் வேலிக்குப் பின்னால் நின்று விமானக் காற்றில் உருண்டு காயப்பட்டவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். விமானம் வாலை நம் பக்கம் திருப்பத் தொடங்கினால், நடுக்கோட்டை விட்டு நன்றாக விலகிப் போய்விட வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் புறப்பாட்டைத் தூரத்தில் மேட்டிலிருந்தே பார்க்கலாம்.

குறை என்று பார்த்தால் காலம்தான். மே முதல் அக்டோபர் வரைதான் சுற்றுலா விமானங்கள். குளிர்காலத்தில் தீவு உறங்கிவிடும். வைட்பாடி எதுவும் வராது. விமானங்களுக்கு நடுவே நீண்ட இடைவெளியும் விழும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கேமரா பற்றி ஒரு வார்த்தை. மாஹோவிலும் ஸ்கியாதோஸிலும் பெரிய லென்ஸ் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டால், படத்துக்குள் விழும் அகலம் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு. 36 மீட்டர் இறக்கை கொண்ட 737 முழுசாக விழ 24 மீட்டர் தூரம் வேண்டும். 60 மீட்டர் இறக்கை கொண்ட ஏ330 விழ 40 மீட்டர். நேர் அடியில் நின்றால் இறக்கை வெட்டுப்படத்தான் செய்யும். விலகி நிற்க இன்னொரு காரணம் இது. மாய் காவுக்கு மட்டும் 200 மி.மீ. வரை போகும் லென்ஸ் இருந்தால் நல்லது. ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி சரி. செயின்ட் பார்த்தெலமியின் ட்வின் ஆட்டரை அதே வேகத்தில் எடுத்தால் விசிறி சுழலாமல் நின்றது போலத் தெரியும். அதற்கு 125இல் ஒரு பங்கு விநாடி அளவுக்கு இறங்கிப் பாருங்கள்.

மாலத்தீவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அங்கே கடல் விமானங்கள் அற்புதம், வெறுங்காலோடு ஓட்டும் விமானிகளையும் பார்க்கலாம். ஆனால் அது மிதவைகளின் உலகம், தனியாக எழுத வேண்டியது.

குடும்பத்தோடு, டிசம்பர் அல்லது ஜனவரி விடுமுறையில், முதல்முறையாகப் போகிறீர்கள் என்றால் மாய் காவ். ஆண்டின் எந்த மாதமும் காற்றின் திசையைப் பற்றிக் கவலைப்படாமல் போக வேண்டும், கையில் பணமும் ஒரு வாரமும் இருக்கிறது என்றால் சின்ட் மார்ட்டன், ஆனால் செயின்ட் பார்த்தெலமியோடு சேர்த்து. விமானம் எப்படி இறங்குகிறது, எப்படி நிற்கிறது, எப்படி எழுகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர் ஸ்கியாதோஸுக்குப் போங்கள். காலையில் ஓடுபாதைக் கோட்டின் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நின்றால் வெளிச்சம் உங்கள் பக்கம் இருக்கும். நடுப்பகலில் தெற்கே பார்த்தால் கண் கூசும். அந்த நேரத்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.