வெட்டித் தந்த கிளெமென்டே: பழைய பேஸ்பால் கார்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம் ஹோட்டல் ஹால்களில் நடக்கும் கார்டு ஷோக்களுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே ஒருவர் 1950-களின் பேஸ்பால் கார்டுகளை ஸ்லாப் (தரம் பார்த்த கம்பெனி மூடி முத்திரையிட்டுத் தரும் பிளாஸ்டிக் உறை) இல்லாமல், கூரான மூலைகளோடு, சந்தை விலையிலிருந்து கொஞ்சம் குறைத்து விற்கிறார். அவரிடம் 2,800 டாலர் கொடுத்து ஏமாந்தேன். அவர் தந்தது போலி கார்டு என்று நினைக்காதீர்கள். அசல் கார்டு. விஷமமே அதில்தான் இருக்கிறது.

வாங்கியது டாப்ஸ் என்ற கார்டு கம்பெனியின் 1955 வரிசையில் 164-ஆம் எண், பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் ரூக்கி கார்டு, அதாவது அவருடைய முதல் கார்டு. பிட்ஸ்பர்கில் குடியிருந்துகொண்டு இந்த மனிதரைத் தவிர்க்க முடியாது. ஆற்றுப் பாலத்துக்கு அவர் பெயர். அவர் அணிந்தது 21-ஆம் எண் என்பதற்காக பிஎன்சி பார்க் மைதானத்தில் வலப்பக்கச் சுவரை 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்கின் பைரேட்ஸ் அணிக்கு மட்டுமே ஆடியவர். டாப்ஸ் கம்பெனி 1957-லிருந்து பல வருஷம் அவர் கார்டில் ‘பாப்’ கிளெமென்டே என்றே அச்சடித்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. முதல் இரண்டு வருஷக் கார்டுகளில் ‘ராபர்ட்டோ’ என்று இருப்பதால் எனக்கு அவற்றின்மேல் கூடுதல் ஆசை.

1972 டிசம்பரில் நிகராகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் சிதைந்தது. அனுப்பிய நிவாரணப் பொருள்களை அங்கே அதிகாரத்தில் இருந்தவர்கள் சுருட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானே நேரில் கொண்டுபோய்ச் சேர்க்கக் கிளம்பினார். டிசம்பர் 31 இரவு விமானம் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் அருகே கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. வயது 38. அந்த செப்டம்பர் 30 அன்றுதான் தன் 3,000-ஆவது ஹிட்டை அடித்திருந்தார். சீசன் ஆட்டங்களில் அவருக்கு அதுவே கடைசி ஹிட்.

வியாபாரிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அந்த 3,000-ஆவது ஹிட்டை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். அன்றைக்கு மைதானத்துக்கு வந்தவர்கள் 13,000 சொச்சம் பேர்தான். ‘நான் பார்த்தேன்’ என்று இதுவரை என்னிடம் சொன்னவர்களை எல்லாம் கூட்டினால் அந்த மைதானம் கொள்ளாது. அவர் பேசட்டும் என்று விட்டுவிட்டு நான் லூப்பை (சிறிய பூதக்கண்ணாடியை) எடுத்துக் கார்டைப் பார்த்தேன். எழுத்துகள் கெட்டியான மையில் இருந்தன. ஸ்கேன் செய்து அடித்த போலியாக இருந்தால் எழுத்துக்குள்ளும் புள்ளி புள்ளியாகத் தெரியும். அட்டையும் பழைய அட்டைதான். எல்லாச் சோதனையிலும் தேறியது. தேறாமல் என்ன, அது 1955-இல் அச்சான கார்டேதானே!

கார்டின் தரம் பார்த்து 10-க்கு எண் போடும் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பினேன். ‘ஓரம் வெட்டப்பட்டது’ என்று எழுதி, எண் எதுவும் போடாமல் திருப்பி அனுப்பினார்கள்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்றால், மூலை மழுங்கிய பழைய கார்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, கூரான பிளேடால் ஓரத்தை இம்மி அளவு சீவிவிடுகிறார்கள். மழுங்கல் போய்விடும், மூலை நறுக்கென்று நிற்கும். பழைய செப்புக்காசைப் புளி போட்டு விளக்கினால் மதிப்பு போய்விடும் என்பது நாணயம் சேர்க்கிறவர்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் கார்டுகள் 2⅝ அங்குலத்துக்கு 3¾ அங்குலம். என்னுடையதில் வெட்டுப்பட்டது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை வெறும் கண் கண்டுபிடிக்காது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த டி206 வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்றை 1991-இல் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். தரம் போடும் கம்பெனியான பிஎஸ்ஏ அதற்கு 10-க்கு 8 போட்டது. 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரத்தை வெட்டியது நான்தான் என்று பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் 2013-இல் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார். ஏல மோசடிகளுக்காக 20 மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார்.

எனக்கு விற்ற வியாபாரியிடம் திரும்பப் போனேன். “அது அவங்க அபிப்பிராயம் சார். வேற கம்பெனிக்கு அனுப்பிப் பாருங்க, ஏழு வரும்” என்றார். வெட்டியது என்று தெரிந்தும் வேறு இடத்தில் தள்ளிவிடச் சொல்லும் யோசனையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் செயலி) வழியாக மட்டும்தான் பணம் வாங்குவேன் என்று முதலிலேயே அடம்பிடித்திருந்தார். நீங்களாக அனுப்பிய பணம், மீட்க வழியில்லை என்று வங்கி கைவிரித்தது. மேசை வாடகை வாங்குவதோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள் ஷோ நடத்துகிறவர்கள்.

போகும்போது அதே வருஷத்தின் பெயர் தெரியாத ஆட்டக்காரர் கார்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சில டாலருக்கே கிடைக்கும். இரண்டையும் ஒட்டி நிறுத்தி, ஒரு பக்கத்தை மேசையில் தட்டிச் சமன் செய்துவிட்டு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அன்றைய தொழிற்சாலை வெட்டில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்பதால் உயரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓரத்தின் பக்கவாட்டை லூப்பில் பார்க்க வேண்டும். பழைய வெட்டு நார் நாராக, பழுப்பேறி இருக்கும். புது வெட்டு வழவழவென்று வெளுத்திருக்கும். நடுவில் மடிப்பும் கீறலும் இருக்க, மூலை மட்டும் புத்தம்புதுசாக இருந்தால் அங்கேயே கார்டைக் கீழே வைத்துவிடுங்கள்.

‘வெட்டியது என்று வந்தால் முழுப் பணமும் வாபஸ்’ என்று ரசீதில் எழுதிக் கேளுங்கள். நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் கேட்காமலேயே எழுதித் தருவார். இந்த ஆளிடம் ரசீது புத்தகமே கிடையாது.

அன்று அவர் மேசையில் 1956 கார்டுகளும் ஒரு டப்பா நிறைய இருந்தன, எல்லாம் அதே கூர்மை. அந்த டப்பாவிலிருந்து யாராவது வாங்கியிருந்தால், தாமதிக்காமல் ஓரத்தை அளந்து பார்த்துவிடுங்கள்.