மொத்தமாகப் பறக்கும் நேரம் வாங்குமுன் ஹெலிகாப்டரின் கணக்கைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள நினைக்கும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகப் பணம் கட்டப்போகும் பெற்றோருக்கும் இந்தப் பதிவு. புகார் நடந்துகொண்டிருப்பதால் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை.

இங்கே தனியார் ஹெலிகாப்டர் உரிமத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பாதிக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் நல்ல தள்ளுபடி என்றார்கள். அலுவலகத்தில் இருந்தவர் நம் ஆள்தான். வாய் நிறைய "தம்பி" என்பார். கட்டினேன்.

பயிற்சி ராபின்சன் ஆர்22-இல். இரண்டே இருக்கை, வலப்பக்கம் நாம், இடப்பக்கம் பயிற்சியாளர். அந்த வண்டியில் எஞ்சின் கிளம்பி ஆயில் பிரஷர் ஏறியதுமே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். எஞ்சின் சூடாக வேண்டும், கிளட்ச் விளக்கு அணைய வேண்டும், அதெல்லாம் நியாயமான நேரம். ஆனால் எல்லாம் தயாரான பிறகும் எங்கள் பயிற்சியாளர் சாவகாசமாக போனில் மெசேஜ் அடித்துக்கொண்டிருப்பார். இறக்கை தலைக்கு மேல் சுற்றும், மீட்டரில் கடைசி எண் நகரும், என் பணம் போகும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் வண்டியே இல்லை. "ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கு தம்பி, சீக்கிரம் வந்துடும்."

ஆர்22-ஐ 2,200 மணி நேரம் பறந்ததும், அல்லது 12 ஆண்டு ஆனதும், ஓவர்ஹால், அதாவது முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை, செய்தே ஆக வேண்டும். தயாரிப்பாளரே வைத்த கெடு அது. செலவும் அதிகம், மாதக்கணக்கில் இழுக்கும். பள்ளியிடம் இருந்ததோ அந்த ஒரே ஆர்22. அதன் ஃப்ளைட் ஃபோலியோவை, அதாவது அந்த வண்டி பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் பதிவேட்டை, பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான் பணம் கட்டிய நாளில் அந்த வண்டிக்கு மிச்சமிருந்த நேரம், எனக்கு விற்ற நேரத்தைவிடக் குறைவு! என்னைப் போல இன்னும் சிலருக்கும் விற்றிருக்கிறார்கள். தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை பறந்து வந்ததும் அதை எழுதி வைப்பதே அவர்கள்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், நான்கு இருக்கை ஆர்44-இல் தொடரச் சொல்கிறார்கள், கூடுதல் கட்டணத்தோடு. இடைவெளியில் ஹோவர் பிடிப்பதே, அதாவது வண்டியை அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவதே, கைவிட்டுப் போய்விட்டது. அதைத் திரும்பப் பழகவும் நம் காசுதான்.

2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, நாம் கட்டிய முன்பணத்தை அவர்கள் தங்கள் சொந்தப் பணம்போல் நடத்தக் கூடாது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரைதான் கேட்க முடியும், என் தொகை அதைத் தாண்டும். அதனால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன்.

ஆகவே பறக்கப் பறக்கப் பணம் கட்டுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். கட்டுமுன் ஃபோலியோவைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். ஏற்கெனவே மொத்தமாகக் கட்டியவர்கள் ரசீதையும் லாக்புக் பக்கங்களையும் இன்றே படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.