மருந்தா, ஆர்என்ஏஐயா, கிரிஸ்பரா?

ஒரு புற்றுநோய் செல்லுக்குக் குறிப்பிட்ட ஜீன் தேவையா என்று பார்க்க மூன்று வழி இருக்கிறது. அது தரும் புரதத்தை மருந்தால் முடக்கலாம், சிறு ஆர்என்ஏ துண்டுகளால் ஜீனை அடக்கும் ஆர்என்ஏஐ முறையை வைத்து அளவைக் குறைக்கலாம், டிஎன்ஏவை வெட்டும் கருவியான கிரிஸ்பரால் ஜீனையே வெட்டலாம். மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், பல நேரம் சொல்வதில்லை.

மெல்க் என்ற கைனேஸ் (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) இதற்கு நல்ல உதாரணம். ஆர்என்ஏஐ வைத்து அதைக் குறைத்ததும் மார்பகப் புற்று செல்கள் வளராமல் நின்றன, அதைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஓடிஎஸ்எஸ்பி167 மருந்தும் செல்களைக் கொன்றது, நோயாளிகளிடம் சோதிக்கும் அளவுக்கு விஷயம் போய்விட்டது. 2017-இல் கிரிஸ்பரால் மெல்கை அடியோடு நீக்கிப் பார்த்தால், செல்கள் பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருந்தன. மெல்க்கே இல்லாத அந்த செல்கள் மீது அதே மருந்தை விட்டபோது அவையும் செத்தன! அப்படியானால் மருந்து வேறெதையோ அடிக்கிறது என்றுதானே அர்த்தம்? இலக்கை நீக்கிவிட்டு மருந்தைப் போட்டுப் பார்க்கும் இந்தச் சோதனை இல்லாமல் வரும் 'புது இலக்கு' அறிவிப்புகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

ஆர்என்ஏஐயின் வம்பு, ஆர்என்ஏ வரிசையில் ஏழெட்டு எழுத்து பொருந்தினாலே தொடர்பில்லாத ஜீன்களையும் அது அடக்கிவிடும் என்பது. கிரிஸ்பரும் சுத்தம் என்று சொல்ல முடியாது: டிஎன்ஏ வெட்டுப்பட்டதற்கே செல்லின் காவலாளிப் புரதமான பி53 விழித்துக்கொண்டு செல் பிரிவதை நிறுத்தலாம், தவிர நீக்கி நாளானால் செல் வேறு வழி கண்டுபிடித்துச் சமாளித்துவிடும். மருந்துக்கு இருக்கும் ஒரே பெரிய பலம் வேகம், சில நிமிடங்களில் புரதம் நின்றுவிடும், மருந்தைக் கழுவி எடுத்தால் பெரும்பாலும் அதன் வேலை திரும்பிவிடும். என் ஓட்டு, தேவையா இல்லையா என்ற கேள்விக்கு கிரிஸ்பர், எப்போது தேவை என்ற கேள்விக்கு மருந்து.

பாக்டீரியா பக்கம் வந்தால் கணக்கே வேறு. அங்கே ஆர்என்ஏஐக்கான இயந்திரமே கிடையாது. ஈ.கோலை பாக்டீரியாவில் 3,985 ஜீன்களை ஒவ்வொன்றாக நீக்கிய கெயோ தொகுப்பு 2006-இலேயே வந்துவிட்டது, ஆனால் உயிர்வாழத் தேவையான ஜீனை நீக்கினால் ஆய்வு செய்ய செல்லே மிஞ்சாது. அதனால்தான் கிரிஸ்பரின் வெட்டும் புரதமான கேஸ்9-ஐ வெட்டும் திறன் இழக்கச் செய்து, அதை வைத்து ஜீனை அடக்கி மட்டும் வைக்கும் கிரிஸ்பர்ஐ. ஒரே ஓபரானில் (ஒன்றாகப் படிக்கப்படும் ஜீன்களின் வரிசை) பின்னால் இருக்கும் ஜீன்களும் சேர்ந்து அடங்கிவிடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பதிலுக்கு, மருந்தின் இலக்கைப் பிடிக்க அருமையான வழி கிடைக்கிறது: எஃப்ஓஎல்ஏ ஜீனைக் கொஞ்சம் அடக்கிவைத்தால் டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக் வழக்கத்தைவிடக் குறைந்த அளவிலேயே வேலையை முடித்துவிடும், ஏனென்றால் அந்த மருந்து குறிவைப்பதே அந்த ஜீன் தரும் நொதியைத்தான்.