சர்வர் அளவீடுகள்: நாளால் வெட்டுவதா, ஜிபியால் வெட்டுவதா, சராசரியாகச் சுருக்குவதா?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மாதக் கடைசி நாள் ராத்திரி 2 மணிக்கு பில் போடும் சர்வர் நின்றுபோனது. டிஸ்க் 100 சதவீதம். நிரப்பியது டேட்டாபேஸ் இல்லை, லாக் ஃபைலும் இல்லை. சர்வர் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க வைத்திருந்த ப்ராமிதியஸ்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை. அலாரமும் வரவில்லை, அலாரம் அடிக்க வேண்டியதும் அதே டிஸ்க்கில் மாட்டிக்கொண்டு கிடந்ததே.

அன்றைக்குப் பிறகு கண்காணிப்புக் கருவி எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இது பழைய தரவை எப்படித் தூக்கிப் போடுகிறது என்பதைத்தான். லினக்ஸ் பக்கம் மூன்று வழி உண்டு. சார் (sar) என்ற கட்டளைக் கருவி நாள் கணக்கில் அழிக்கும். ஆர்ஆர்டிடூல் பழசை மங்கலாக்கி அதே இடத்துக்குள் வைத்துக்கொள்ளும். ப்ராமிதியஸ் நாளாலும் வெட்டும், சொன்னால் அளவாலும் வெட்டும்.

சாரில் பேச அதிகம் இல்லை. சிஸ்ஸ்டாட் பேக்கேஜோடு வருகிறது, 10 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுகிறது. ரெட் ஹேட்டில் 28 நாள், டெபியனில் 7 நாள் வைத்திருக்கும். ஒரு வேடிக்கை: ரெட் ஹேட்டில் 31 நாள் ஆன ஃபைலைத்தான் சுருக்கச் சொல்லியிருக்கிறது, 28 நாளிலேயே அழித்துவிடுகிறது. சுருக்கும் வேலை நடக்கவே நடக்காது. டெபியனிலும் இதே கதை, அங்கே 10-க்கு 7. வழக்கமான சர்வரில் இது பொருட்டே இல்லை. யாராவது ஒரு பிரச்சினையைத் துப்பறிய 10 நிமிடத்தை 1 நிமிடமாக மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்தால்தான் சிக்கல், ஒரே நாளில் பத்து மடங்கு. அதுவும் சான் ஸ்டோரேஜ் (பல சர்வர்கள் பகிரும் வெளி டிஸ்க் கிடங்கு) இணைத்த சர்வரில், அதிலிருந்து பிரித்துத் தரும் ஒவ்வொரு துண்டும், அதாவது லன்னும், நாலு பாதை வழியாக நாலு டிஸ்க்காகத் தெரியும்போது, டிஸ்க் விவரமே ஃபைலை ஊத வைத்துவிடும்.

ஆர்ஆர்டிடூல் வேறு ஜாதி. டோபியாஸ் ஓட்டிகர் 1999-இல் வெளியிட்டது. காக்டி, முனின் என்ற வரைபடக் கருவிகள் இதன் மேல்தான் நிற்கின்றன. ஃபைலை உருவாக்கும்போதே முழு அளவையும் பிடித்துக்கொள்ளும், பிறகு ஒரு பைட்கூட வளராது. ஒரு புள்ளிக்கு 8 பைட். 5 நிமிடப் புள்ளிகள் 2 நாளைக்கு, அரை மணிப் புள்ளிகள் 2 வாரத்துக்கு, 2 மணி நேரப் புள்ளிகள் 60 நாளைக்கு, ஒரு நாள் புள்ளிகள் 2 வருஷத்துக்கு என்று வைத்தால் மொத்தம் 2,698 புள்ளி. சராசரி, உச்சம் இரண்டையும் வைத்தாலும் ஓர் அளவீட்டுக்கு சுமார் 43 கேபி. சர்வருக்கு 1,000 அளவீடு, 50 சர்வர் என்றால் 2.2 ஜிபிக்குள் இரண்டு வருஷக் கதை அடங்கிவிடும். இடத்தை மட்டும் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை.

விலை வேறு இடத்தில் கொடுக்கிறோம். மாதக் கடைசியில் சிபியு 5 நிமிடம் 100-ஐத் தொட்டது, மற்ற நேரம் 20 என்று வையுங்கள். அது 2 மணி நேரச் சராசரியாகச் சுருங்கும்போது 23 சதவீதம் என்று காட்டும். ஒரு மாதம் கழித்து, "அன்றைக்கு ஏன் சார் பில் போட லேட்டாச்சு?" என்று கணக்குப் பிரிவு கேட்டால், "சர்வர் சும்மாதான் இருந்தது" என்று படம் காட்டுவோம். உச்ச அளவையும் சேமிக்கச் சொல்லி முதலிலேயே எழுதியிருந்தால் தப்பித்தோம். மறந்தவர்களுக்குப் பழைய உச்சம் திரும்பக் கிடைக்காது.

ப்ராமிதியஸ் எதையும் மங்கலாக்காது. ஓர் அளவீட்டுப் புள்ளி சராசரியாக 1 முதல் 2 பைட்டுக்குள் அடங்கும், அதுவே பெரிய சாமர்த்தியம். அதே 50 சர்வர், அதே 1,000 அளவீடு, 15 நொடிக்கு ஒரு முறை என்று எடுத்துக்கொண்டால் நொடிக்கு 3,333 புள்ளி. 2 பைட் வீதம் நாளைக்கு 576 எம்பி. எதுவும் மாற்றாமல் விட்டால் 15 நாள் வைத்திருக்கும், அது 8.6 ஜிபி. ஒரு வருஷம் வேண்டும் என்றால் 210 ஜிபி.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அளவீடுகளின் எண்ணிக்கை மாறாது என்று நம்பிப் போட்ட கணக்கு இது. நாங்கள் விழுந்ததும் அதில்தான். பில் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க, டெவலப்பர் தம்பி ஒருவர் ஹிஸ்டோகிராமில் (நேரங்களைப் பக்கெட் பக்கெட்டாகப் பிரித்து எண்ணும் அளவீடு) இன்வாய்ஸ் எண்ணை லேபிளாகப் போட்டிருந்தார். லேபிளில் புது மதிப்பு வந்தால் ப்ராமிதியஸ் அதற்குத் தனி வரிசை தொடங்கும். ஓர் இன்வாய்ஸுக்கு 12 பக்கெட், ஒரு கூட்டுத்தொகை, ஓர் எண்ணிக்கை என்று 14 புதிய வரிசை. அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்யும்வரை பழைய இன்வாய்ஸ்களையும் 15 நொடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். மாதக் கடைசியில் எத்தனை இன்வாய்ஸ் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெமரி ஏறியது, பிறகு டிஸ்க். "15 நாள்தானே வைக்கிறோம்" என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். 15 நாள் என்பது காலத்துக்கு வரம்பு, இடத்துக்கு இல்லை.

அந்த ராத்திரி பதறிப்போய் ஃபைல்களை அழித்தோம். டிஸ்க் இம்மியும் குறையவில்லை. அழித்த ஃபைல்களை ப்ராமிதியஸ் இன்னும் திறந்து வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் இடம் வந்தது.

அளவு வரம்பு வைத்திருந்தால் இது நடக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அதையும் விளிம்புவரை வைக்கக் கூடாது. பழையதை அழிக்கும்போது முழு பிளாக்காகத்தான் (ஒரு காலப் பகுதியின் தரவு மூட்டை) அழிக்கும், சிறிய பிளாக்குகளைச் சேர்த்துப் பெரிதாக்கும்போது கொஞ்ச நேரம் இரண்டுமே டிஸ்க்கில் இருக்கும். அதனால் ஒதுக்கிய இடத்தில் 80 முதல் 85 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள் என்று அதன் கையேடே சொல்கிறது.

விண்டோஸ் சர்வர்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் வட்ட வகை லாக்கைத் தேர்ந்தெடுத்து, அதிகபட்ச அளவைக் கொடுங்கள். நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதும்.

எது நல்லது என்று கேட்டால், சாரை எல்லா சர்வரிலும் விட்டுவைப்பேன். நெட்வொர்க் போன நேரத்தில் அந்த சர்வருக்குள்ளேயே சாட்சி சொல்ல அது ஒன்றுதான் இருக்கும். இரண்டு வருஷப் போக்கைப் பார்த்துப் புது சர்வர் வாங்கலாமா என்று முடிவெடுக்க ஆர்ஆர்டி போதும், உச்சத்தோடு சேர்த்து. நேற்று என்ன நடந்தது என்று தோண்ட ப்ராமிதியஸ், ஆனால் பில் போடும் டிஸ்க்கில் வேண்டவே வேண்டாம்.

இப்போது அதற்கு 20 ஜிபியில் தனி வால்யூம் கொடுத்திருக்கிறேன். வரம்பு 30 நாள் அல்லது 16 ஜிபி, எது முன்னால் வருகிறதோ அது. மேலே போட்ட கணக்குப்படி 27 நாள் தாங்கும். நாளைக்கு யாராவது மறுபடி இன்வாய்ஸ் எண்ணை லேபிளாக நுழைத்தால் அந்த 27 நாள் ஐந்தாகச் சுருங்கலாம், ப்ராமிதியஸே மூச்சு முட்டி விழலாம். பில் ஓடிக்கொண்டிருக்கும்.