பழைய டயல் போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து வையுங்கள்

சுழற்றி டயல் செய்யும் பழைய போன் உங்களிடம் இருந்து, "பேச்சு நன்றாகக் கேட்கிறது, மணி மட்டும் அடிக்கவில்லை" என்ற நிலையில் இருந்தால், அதை யார் கையிலும் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் விசாரிக்காமல் கொடுத்தேன். போன் திரும்பி வந்தது, அதன் மணி வரவில்லை.

என்னுடையது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 500 என்ற அமெரிக்க மாடல், கறுப்பு நிறம். அடித்தட்டில் 5-56 என்ற முத்திரை, அதாவது 1956 மே மாதம். இந்த மாடலில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்திலும் தனித்தனியே தேதி குத்தியிருப்பார்கள்: டயலின் பின்புறம், ரிசீவருக்குள் இருக்கும் மைக், மணியின் சட்டம் என்று எல்லாவற்றிலும். ரிப்பேருக்கு வந்த போன்களைப் பிரித்து, கிடைத்த பாகத்தைப் போட்டு மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்ததால், எல்லாத் தேதியும் ஒத்துப்போகும் போன் கிடைப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்று. எல்லாமே 56. விற்றவர் அனுப்பியிருந்த படங்களில் மூடியைக் கழற்றிய நிலையில் ஒரு படமும் இருந்தது. அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. நானாகப் படம் எடுக்கவில்லை, அவ்வளவு புத்தி அப்போது இல்லை.

ரூட்டரின் போன் போர்ட்டில் சொருகினேன். டயல் டோன் வந்தது. டயல் அனுப்பும் துடிப்புகளை (பல்ஸ்) ஏற்கும் ரூட்டர் என்பதால் டயலும் வேலை செய்தது. மொபைலிலிருந்து அழைத்தால் மட்டும் மௌனம். ரிசீவரை எடுத்தால் பேசலாம், ஆனால் அழைப்பு வந்ததே தெரியாது. பழைய போன் சரிசெய்வதாகச் சொல்லும் ஒருவரைப் பிடித்தேன். இருபது வருட அனுபவம் என்றார், நம்பிக்கையாகப் பேசினார். பார்சல் அனுப்பினேன். நான்காம் நாள் அழைப்பு.

"சார், ரிங்கர் காயில் எரிஞ்சுபோச்சு. வேற போட்டாத்தான் அடிக்கும். என்கிட்ட ஒண்ணு இருக்கு, போட்டுடட்டுமா?"

ரிங்கர் காயில் என்றால் மணியை அடிக்க வைக்கும் கம்பிச் சுருள். போடுங்கள் என்றேன். எரிந்த காயிலைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. மூடி இல்லாத என் போன், மணி கணீரென்று அடிக்கிறது. பணத்தை அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த போனை மாட்டி அழைத்துப் பார்த்தேன். மணி அடிக்கவில்லை. காதை அடித்தட்டோடு ஒட்டிவைத்துக் கேட்டால் உள்ளே ஈ மாட்டிக்கொண்டது போல ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். அடியில் இருக்கும் சத்தம் கூட்டும் சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன், மாற்றமில்லை. அவரைக் கேட்டால், "உங்க லைன்ல பவர் பத்தலை சார், பழைய மணிக்கு நிறைய இழுக்கும்" என்றார்.

இந்தப் பதிலைப் பலரும் நம்பிவிடுவார்கள், நானும் ஒரு நாள் நம்பினேன். அது பொய். மணிக்கு வரும் மின்சாரம் அமெரிக்க வழக்கப்படி ஏறத்தாழ 90 வோல்ட், விநாடிக்கு 20 சுழற்சி. ஒரு லைன் எத்தனை மணியைத் தாங்கும் என்று கணக்கிடும்போது, 500 போன்ற ஒரு சாதாரண மணியின் சுமையைத்தான் 1 என்று வைத்துக்கொள்கிறார்கள். போர்ட் நன்றாக இருந்தால் பொதுவாக ஒரு மணியையாவது அடிக்க வைத்துவிடும். நண்பரிடம் இருந்த இன்னொரு மணி போனை அதே போர்ட்டில் மாட்டினேன். வீடே அதிர்ந்தது.

அன்று இரவு லைனைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். (பிடுங்காமல் திறக்காதீர்கள். வயர்களைத் திருகி வைத்திருக்கும் டெர்மினலில் விரல் இருக்கும்போது யாராவது அழைத்தால் அந்த 90 வோல்ட் உங்களுக்குத்தான்.) விற்றவரின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். படத்தில் மணியிலிருந்து நான்கு வயர் கிளம்புகிறது: சிவப்பு, கறுப்பு, சாம்பல், சாம்பலில் சிவப்புக் கோடு. என் கையில் இருந்ததில் இரண்டே வயர். சட்டத்தில் 56 இல்லை, தேதியே இல்லை. மணி நாக்கின் தண்டு தடித்த பட்டை, அதன் நுனியில் ஒரு கனத்த எடை. ஓரத்தில் சின்னதாக 30 என்று ஓர் எண்.

அந்த 30 என்னவென்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. ஒரே லைனை நான்கைந்து வீடுகள் பகிர்ந்துகொண்ட காலத்தில், எல்லா வீட்டு மணியும் ஒன்றாக அடிக்கக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு அதிர்வெண்ணில் மட்டும் அடிக்கும் மணிகளை வைத்தார்கள். ஒரு வரிசையில் விநாடிக்கு 20, 30, 40, 50, 60 சுழற்சி என்று போகும். நாக்கின் எடையும் பட்டையின் விறைப்பும் சேர்ந்து அந்த ஒரு அதிர்வெண்ணுக்குத்தான் ஆடும். 30-க்குச் செய்த மணிக்கு 20 கொடுத்தால் நடுங்கும், அடிக்காது. அவர் எனக்குப் போட்டது எந்த வீட்டு லைனிலும் இனி அடிக்க வழியில்லாத ஒரு மணி.

பிறகு அந்த வீடியோவைத் திரும்ப ஓடவிட்டேன், நிறுத்தி நிறுத்தி. மணிக் கிண்ணத்தின் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு கீறல். விற்றவரின் படத்திலும் அதே கீறல், அதே இடத்தில். வீடியோவில் அடிப்பது என் பழைய மணிதான்! எரிந்துபோனதாகச் சொன்ன அதே காயில். ஒன்றுதான் மாறியிருந்தது: விற்றவரின் படத்தில் ஜி என்ற டெர்மினலில் இருந்த கறுப்பு வயர், வீடியோவில் எல்1 என்ற டெர்மினலில் இருக்கிறது.

ஆக, அவருக்குக் கோளாறு தெரிந்திருக்கிறது, ஒரு திருகைத் தளர்த்தி வயரை இடம் மாற்றியிருக்கிறார், மணி அடித்திருக்கிறது, படம் பிடித்திருக்கிறார். அதன்பிறகுதான் 56 முத்திரை போட்ட மணியைக் கழற்றிக்கொண்டு குப்பையை மாட்டியிருக்கிறார்.

அந்த வயர் விஷயம் எளியது, அதனால்தான் எரிச்சல். இந்த போன்களின் லைன் கேபிளில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என மூன்று வயர். பச்சை எல்1-க்கு, சிவப்பு எல்2-க்கு, மஞ்சள் ஜி-க்கு. மணியின் கறுப்பு வயரை ஜி-யில் வைப்பது அந்தக் காலப் பழக்கம். பகிர்ந்த லைனில் மஞ்சள் வழியாகப் பூமிக்குப் போகும். தனி லைன் என்றால் சுவரில் இருக்கும் பெட்டிக்குள் மஞ்சளையும் பச்சையையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். இன்றைய சாக்கெட்டில் மஞ்சள் எங்கேயும் போவதில்லை, அந்தரத்தில் நிற்கிறது. மணிக்குப் பாதி வழிதான் இருக்கிறது. பேச்சுக்குப் பச்சையும் சிவப்பும் போதும் என்பதால் மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்கும். கறுப்பை ஜி-யிலிருந்து எடுத்து எல்1-இல் வைத்தால் முடிந்தது. சிவப்பு எல்2-இல் இருக்கட்டும். சாம்பல் இரண்டும் ஏ, கே டெர்மினல்களில் ஆளுக்கொன்றாக இருக்கவேண்டும், இரண்டையும் ஒன்றில் சேர்க்கக் கூடாது. அவற்றுக்கு நடுவில்தான் நேர்மின்சாரத்தைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. டயல் சுற்றும்போது மணி டிங் டிங் என்று முனகினால் பச்சையையும் சிவப்பையும் இடம் மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

காயில் எரிந்தது என்று யாராவது சொன்னால் மல்டிமீட்டர் காட்டும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 500-இல் வழக்கமாக வரும் சி4ஏ ரக மணியில் இரண்டு கம்பிச் சுருள், ஒன்று சுமார் 1000 ஓம், மற்றொன்று சுமார் 2650. வயர்களைக் கழற்றிவிட்டு அளந்தால் இதையொட்டி வரவேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால்தான் அறுந்திருக்கிறது. இவ்வளவு தடித்த நம்பிக்கையோடு "எரிஞ்சுபோச்சு" என்று சொன்னவரிடம் எண்ணைக் கேட்டிருந்தால் அங்கேயே தடுமாறியிருப்பார்.

இரண்டு படத்தையும் கீறலை வட்டமிட்டு அனுப்பினேன். முதலில் "அது லைட்டோட நிழல் சார்" என்றார். வீடியோவில் கறுப்பு வயர் இருக்கும் இடத்தைக் காட்டினேன். "பழைய பொருளுக்கு கியாரண்டி கிடையாது, முதல்லயே சொன்னேன்" என்றார், சொல்லவில்லை. என் மணியைத் திருப்பி அனுப்பினால் பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

இன்னொருவர் கொடுத்த சி4ஏ ஒன்றை நானே மாட்டினேன். நான்கு வயர், நான்கு திருகு, கால் மணி நேரம். முதல் அழைப்பிலேயே அடித்தது, அதுவும் நல்ல சத்தமாக. ஆனால் சட்டத்தில் முத்திரை 68. யாராவது என் போனின் தேதிகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் டயலையும் மைக்கையும் காட்டிவிட்டு மூடியைப் போட்டுவிடுகிறேன்.